நம் வீட்டு ளகரம்

தமிழ் முஸ்லிம் இல்லங்களில் மூத்தோர் ‘ஒளு’, ‘பர்ளு’, ‘ரமளான்’ என்று மொழிவர். நம் புதுவை வட்டாரத்திலேயே உர்தூ பேசும் குடும்பத்தார் அவற்றை ‘வுஜூ’, ‘பர்ஜ்’, ‘ரம்ஜான்’ என்பர். இச்சொற்களில் வருவது அரபியின் ‘ளாத்’ என்னும் ஒரே எழுத்து. உர்தூவின் ஒலி பாரசீகத்தின் வழி வந்தது. நம் ளகரம் எங்கிருந்து வந்தது?

கி.பி. 8ஆம் நூற்றாண்டின் அரபு இலக்கண அறிஞர் சீபவைஹி, நாவின் ஓரம் கடைவாய்ப் பற்களை ஒட்டும்போது இவ்வெழுத்து பிறப்பதாக வரையறுத்தார். அப்பழைய ஒலி லகரத்துக்கு நெருக்கமானது. அதனால்தான் நீதிபதியைக் குறிக்கும் ‘அல்காளீ’ ஸ்பெயினில் ‘அல்கால்தே’ ஆயிற்று. ‘பர்ளு’ மலாய் மொழியில் ‘பெர்லு’ ஆயிற்று. கடல்வழி வந்த அரபு வணிகரும் மார்க்க அறிஞரும் பேசிய ஒலியின் சுவடே நம் ளகரத்திலும் உள்ளதெனக் கருத இடமுண்டு.

ஆகவே, மத்ரஸாவில் தஜ்வீத் பயிலும் நம் பிள்ளைகள் குர்ஆனை உஸ்தாத் கற்பித்தவாறே ஓதட்டும். அதில் தளர்வு கூடாது. ஆனால், “ஒளு எடுத்தாயா?” என்று வினவும் நன்னிமாவைத் திருத்தி நகைக்க வேண்டாம். அவர் நாவில் இருப்பது நம் முன்னோர் செவிவழிப் பெற்றுக் காத்த சொல்.