பதினைந்து நிமிடம் என்று வந்த மருத்துவர்



1935-ஆம் ஆண்டு மே மாதம், அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்திலுள்ள ஆக்ரன் நகரில், மேஃப்ளவர் என்னும் விடுதியின் முன்கூடத்தில் பில் வில்சன் தனியே நின்றிருந்தார். நியூயார்க்கிலிருந்து அவர் மேற்கொண்டு வந்த வியாபார முயற்சி தோல்வியில் முடிந்திருந்தது. ஒருபுறம் மதுக்கூடம் அழைத்தது. மறுபுறம் தொலைபேசியும், நகரத்துச் சபைகளின் பட்டியலும் இருந்தன. அவர் குடியை விட்டு ஐந்து மாதங்களே ஆகியிருந்தன.

முந்திய டிசம்பரில் நியூயார்க்கின் டவுன்ஸ் மருத்துவமனையில் சிகிச்சை பெற்றபோது, குடி வெறும் ஒழுக்கக்கேடு அன்று, உடலையும் மனத்தையும் பற்றிக்கொள்ளும் நோய் என்று மருத்துவர் வில்லியம் சில்க்வொர்த் அவருக்கு உணர்த்தியிருந்தார். அதன்பின் பில் பல குடிநோயாளிகளைத் தேடிச் சென்று பேசினார். ஒருவரும் குடியை விடவில்லை. ஆனால் அவர்களுக்காக உழைத்த நாட்களில் அவர் குடிக்கவில்லை. ஆகவே, தாம் பிழைக்க வேண்டுமானால் இன்னொரு குடிநோயாளியுடன் பேசியாக வேண்டும் என்பதை அந்த முன்கூடத்தில் உணர்ந்தார்.

பட்டியலில் கண்ட போதகர் வால்டர் டங்க்ஸ் என்பவரை அழைத்தார். முன்பின் அறியாத அந்நியரின் விண்ணப்பத்தைப் போதகர் தள்ளிவிடவில்லை. அவர் கொடுத்த பெயர்களின் வழியே, ஹென்றியெட்டா சைபர்லிங் என்னும் பெண்மணியிடம் பில் வந்து சேர்ந்தார். மறுநாள், மே 12 அன்று, அவ்வம்மையார் அறுவை மருத்துவர் பாப் ஸ்மித்தைத் தம் இல்லத்துக்கு வரவழைத்தார்.

மருத்துவர் பாப் இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக ஒரு கிறிஸ்தவ ஐக்கியத்தில் பங்கெடுத்தவர், வேதம் வாசித்தவர், ஜெபித்தவர். ஆயினும் குடி அவரை விடவில்லை. பதினைந்து நிமிடம் மட்டுமே இருப்பேன் என்று வந்தவர், பல மணி நேரம் அமர்ந்திருந்தார். காரணம், பில் அவருக்குப் புத்தி சொல்லவில்லை. தம் சொந்த வீழ்ச்சியை மறைக்காமல் சொன்னார்.

சில வாரங்களில் ஒரு மருத்துவ மாநாட்டுக்குச் சென்ற பாப் மீண்டும் குடித்தார். பில் அவரைக் கைவிடவில்லை. ஜூன் 10 அன்று பாப் கடைசியாகக் குடித்தார். அந்நாளே ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ (ஏ.ஏ.) இயக்கம் பிறந்த நாளாக எண்ணப்படுகிறது. இருவரும் உடனே மருத்துவமனையில் கிடந்த மூன்றாமவரைத் தேடிச் சென்றனர். 1950-இல் மரிக்கும்வரை பாப் மதுவைத் தொடவில்லை.

பாப்பின் வீட்டில் கூடியவர்கள் யாக்கோபு நிருபத்தை விரும்பி வாசித்தார்கள். குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு, ஒருவருக்காக ஒருவர் ஜெபிக்கும்படி அதன் ஐந்தாம் அதிகாரம் போதிக்கிறது. 1939-இல் அச்சான பன்னிரண்டு படிகளிலும், தேவனிடத்தில் மட்டுமன்றி மற்றொரு மனிதரிடத்திலும் உண்மையை ஒப்புக்கொள்ளுதல் ஒரு படியாயிற்று.

பிரியமானவர்களே, நம் சபைகளில் நடப்பது என்ன? குடும்பத்தார் வெட்கத்தால் மறைக்கிறார்கள். குடிப்பவர் ஆராதனைக்கு வருவதையே நிறுத்திவிடுகிறார். ஜெபம் செய்தும் மாறவில்லையே என்று அவரை விசுவாசமற்றவராகத் தீர்க்கிறோம். மருத்துவர் பாப்பும் ஜெபித்தவரே. அவருடைய ஜெபத்துக்குப் பதில், அவரைப் போலவே விழுந்து எழுந்த ஒரு மனிதனின் உருவில் வந்தது என்றே நான் எண்ணுகிறேன்.

உதவிக்குச் செல்வோர் ஒன்றை அறிய வேண்டும். நெடுங்காலம் மிகுதியாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். எனவே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் தொடங்கிய பணி, டி.டி.கே. மருத்துவமனையாக இன்றும் நடைபெறுகிறது. போதைப்பொருளுக்கு அடிமையானவர்களும் அவர்களது குடும்பத்தாரும் 14446 என்னும் தேசிய உதவி எண்ணை அழைக்கலாம். குடிப்பவரின் குடும்பத்தாருக்கென 1951-இல் உருவான ‘அல்-அனான்’ குழுக்களும் உள்ளன.

இந்த வாரம் உங்கள் தெருவில் அப்படியொரு வீடு நினைவுக்கு வந்தால், அவர்களுக்காக ஜெபியுங்கள். ஜெபித்தபின் அங்கே சென்று, தீர்ப்புச் சொல்லாமல் சிறிது நேரம் அமர்ந்திருங்கள். கர்த்தர் உங்களோடிருப்பாராக. ஆமென்.