மூக்கை அளந்தவர்கள்

அரக்கோணத்தில் சென்னை வண்டிக்குக் காத்திருந்தபோது உறவுக்காரப் பெண் சொன்னாள்: "மூக்கு சப்பையா இருக்குன்னு ரெண்டு வரன் தட்டிப்போச்சு. ஆபரேஷன் பண்ணிக்கப் போறேன்." சப்பை என்று அளந்தது யார் என்கிற கேள்வி என்னை விடவில்லை.

1792 மைசூர்ப் போரில் ஆங்கிலப் படைக்கு மாடு ஓட்டிய கவாஸ்ஜி திப்புவின் ஆட்களிடம் சிக்கி, மூக்கையும் ஒரு கையையும் இழந்தார். புனேயில் செங்கல் செய்யும் சாதியைச் சேர்ந்த ஒருவர், அறுபட்ட இடத்தில் மெழுகுத் தகட்டைப் பொருத்தி அளவெடுத்தார். அதை நெற்றியில் விரித்து, அதே வடிவில் தோலைக் கீறிக் கீழே திருப்பி ஒட்டினார். 1794இல் லண்டன் ஜென்டில்மேன்ஸ் மேகசின் இதை வெளியிட்டது. நோயாளிக்குப் பெயரும் படமும் உண்டு. வைத்தியர் பெயர் இல்லை. 1814இல் கார்ப்யூ லண்டனில் இதே முறையைச் செய்தார்.

அடுத்த நூற்றாண்டின் இறுதியில் அளவு வேறாயிற்று. மூக்கின் அகலம் கூடக்கூடச் சாதியின் அந்தஸ்து இறங்கும் என்றார் ரிஸ்லி. சென்னை அருங்காட்சியகத்தின் தர்ஸ்டன் நம் ஜனங்களின் மூக்குகளை அளந்து, 1909இல் ஏழு தொகுதிகளில் சாதிகளை வகைப்படுத்தினார். புனேக்காரர் அளந்தது, நோயாளி இழந்ததை. இவர்கள் அளந்தது, யாரை எங்கே நிறுத்துவது என்பதை. பெண் பார்க்க வருகிறவன் கண்ணில் இருப்பது இந்த இரண்டாவது அளவுகோல்தான்.

இன்று நல்ல டாக்டர் கத்தியை எடுக்குமுன் மூச்சு, தண்டு வளைவு, தோலின் தடிப்பு மட்டும் பார்ப்பதில்லை. என்ன எதிர்பார்க்கிறாய், யார் சொல்லி வந்தாய் என்றும் கேட்பார். இல்லாத குறையை ஓயாமல் கண்ணாடியில் தேடும் மனநோய் உண்டா என்றும் பார்ப்பார். சாதியின் அளவுகோல் எந்தப் பரிசோதனைத் தாளிலும் இல்லை.

வண்டி வந்தது. "டாக்டர் கேக்குறதுக்கு முன்னாடி நீயே கேட்டுக்கோம்மா. இந்த மூக்கு பிடிக்காதது உனக்கா, அவங்களுக்கா?" என்றேன். பதில் சொல்லாமல் ஏறினாள்.