ஊர்வலத்தின் வயது

மெக்சிக்கோ நகரத்தின் ரிஃபோர்மா வீதியில் இறந்தோர் தின ஊர்வலத்தைப் பார்த்து நின்றபோது, அதனைப் பலநூறு வருடத்து வழக்கமென்றே எண்ணினேன். மாணவருக்குச் சொல்வதற்கெனக் குறிப்பேட்டிலும் எழுதிக்கொண்டேன். அது பிழை.

2015இல் வெளிவந்த ஜேம்ஸ் பொண்ட் திரைப்படமான 'ஸ்பெக்டர்' இந்நகரில் இத்தகையதோர் ஊர்வலத்தைக் கற்பனையாகக் காட்டிற்று. படம் பார்த்து வருவோர் அதனைத் தேடுவார்கள் என்பதால் 2016இல் அதிகாரிகள் அதனை உண்மையாக்கினர்.

இறகுத் தொப்பியணிந்து முன்னே வந்த எலும்புக்கூட்டுச் சீமாட்டியும் அத்தனை பழையவளல்லள். 1913இல் காலமான அச்சுச் சித்திரக் கலைஞர் ஹொசே குவாதலூப்பே பொசாதா, போலிப் பகட்டை எள்ளி வரைந்த தலை அது. அதற்கு முழு உடலும் ஆடையும் தந்தவர் டியேகோ ரிவேரா, 1947ஆம் ஆண்டுச் சுவரோவியத்திலே.

அப்படியாயின் எல்லாமே புதிதா? இல்லை. 1521இல் ஸ்பானியரிடம் வீழ்ந்த அஸ்டெக் தலைநகர் டெனோச்டிட்லானின் மீதே இந்நகரம் எழுந்தது. அம்மக்களிடமும் இறந்தோருக்கான விழாக்கள் இருந்தன. நவம்பர் 1, 2 என்ற நாட்கள் ஸ்பானியரின் கத்தோலிக்கத்தோடு வந்தவை. 2008இல் யுனெஸ்கோ தனது மரபுரிமைப் பட்டியலில் சேர்த்ததும், இறந்தோருக்கான பழங்குடி மக்களின் விழாவையே, ஊர்வலத்தை அல்ல.

நான் தங்கிய வீட்டு மேசையில் அந்த மண்ணின் செவ்வந்தியும் ஸ்பானியர் கொணர்ந்த கோதுமையில் சுட்ட ரொட்டியும் ஒன்றாயிருந்தன. வீட்டு மூதாட்டி, கணவரின் புகைப்படத்தருகே ஒரு குவளை தண்ணீர் வைத்தார்.

"தூரத்திலிருந்து வருகிறவருக்குத் தாகமாயிருக்கும்" என்றார்.

குறிப்பேட்டு வரியை அன்றிரவே வெட்டினேன். ஒரு வழக்கம் பழையதா என்று மாணவர் கேட்டால், அதன் எந்தப் பகுதி என்று இப்போது திருப்பிக் கேட்கிறேன்.