யப்பானியக் கொல்லர் துப்பாக்கித் தொழில் கற்ற வரலாறு

கி. பி. 1543-ஆம் ஆண்டிலே சீன மரக்கலமொன்று யப்பானின் தெற்கேயுள்ள தனேகசிமா என்னுந் தீவை அடைந்தது. அதிற் போர்த்துக்கேயர் சிலரும் இருந்தனர். தீவின் தலைவனாகிய தோக்கித்தக்கா என்னும் இளைஞன் அவரிடமிருந்து துப்பாக்கி இரண்டினைப் பெரும்பொருள் கொடுத்து வாங்கி, அவைபோற் செய்யுமாறு தன் கொல்லரைப் பணித்தான்.

யப்பானியக் கொல்லர் வாள் வடித்தலிற் கைதேர்ந்தவர். இரும்புத் தகட்டைக் கோலொன்றின்மேற் சுற்றிக் காய்ச்சி ஒட்டிக் குழலாக்குதல் அவர்க்கு அரிதாகவில்லை. குழலின் அடிவாயை அடைப்பதிலேதான் இடர்ப்பட்டனர். உள்ளே படியும் மருந்துக் கரியைத் துடைத்தற்கு அவ்வடைப்புக் கழற்றத்தக்கதாதல் வேண்டும். வெடிக்கும்போது பின்னோக்கித் தெறியாது நிற்றலும் வேண்டும். போர்த்துக்கேயர் இதற்குத் திருகாணியைக் கையாண்டனர். ஆணியின் புறத்தே புரியை அரத்தால் அராவிவிடலாம். ஒடுங்கிய குழலின் உட்புறத்திலோ அரம் புகுந்து தொழில் செய்ய இடமில்லை. திருகுபுரி அக்கொல்லர்க்குப் பழக்கமான பொருளுமன்று.

தோக்கித்தக்காவின் மைந்தன் பொருட்டு 1606-இல் நன்போ புன்சி என்னும் பௌத்த துறவி எழுதிய ‘தெப்போக்கி’ என்னும் துப்பாக்கி வரலாறு, மறு ஆண்டு வந்த கப்பலிலிருந்த கொல்லனொருவனிடம் அடியடைக்கும் முறை கற்கப்பட்டதென்றும், ஓராண்டுக்கு மேற் சென்றபின் துப்பாக்கிகள் பல பத்தாகச் செய்யப்பட்டன என்றுங் கூறும். கற்றவன் யைத்தா கின்பேயி என்பர். அவன் தன் மகளை அந்நியனுக்கு மணஞ்செய்து கொடுத்தே வித்தையைப் பெற்றான் என்னுங் கதை இந்நூலில் இல்லை, பிற்கால வழக்கேயாம். நூலோ தலைவன் குடியைப் புகழ எழுந்தது. நிகழ்ச்சிக்கு அறுபதாண்டு பிந்தியது. ஆயினும், தம்மவர்க்கு ஒன்று தெரியாதிருந்தமையை அது மறையாது கூறுமிடத்து நாம் நம்பலாம். புகழ்பாட வந்தவன் குறையைப் புனைந்துரைப்பானல்லன்.

சக்காய் நகரத்து வணிகனான தச்சிபானயா மத்தசபுரோ, ஓரிரண்டாண்டு அத்தீவிலே தங்கித் தொழிலைக் கற்று மீண்டான். ஊரார் அவன் பெயரை மாற்றித் ‘துப்பாக்கி மத்தா’ என்று அழைத்தனராம்! சக்காயும், பீவா ஏரியருகேயுள்ள குனித்தோமோ என்னுஞ் சிற்றூரும் பின்னர் இத்தொழிலின் நிலைக்களங்களாயின. 1575-இல் நகசினோப் போரிலே ஓடா நொபுனாகாவின் படை துப்பாக்கிகளைப் பெருந்தொகையாகக் கையாண்டது.

இவ்வித்தை பெரும்பாலும் பட்டறையிற் கைப்பழக்கமாகவே ஆசானிடமிருந்து மாணாக்கனுக்குச் சென்றது. 1818-இல் குனித்தோமோ இக்கன்சாய் என்பார், முன்னாள் அமைச்சர் மத்சுதைரா சதநோபுவின் வேண்டுகோட்கிணங்கத் துப்பாக்கி செய்யும் முறையை நூலாக எழுதினார். இவரே 1833-இல் உலோக ஆடியைத் தம் கையால் மினுக்கித் தெறிப்புத் தொலைகாட்டியொன்றை அமைத்து, 1835 முதல் ஓராண்டளவு சூரியனின் கரும்புள்ளிகளை நோக்கி வரைந்து வைத்தார்.