கறுப்புத் துணிக்குள் ஒரு மலை

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குப் போகும் சாலை செஞ்சிக் கோட்டையின் மதிலுக்குள் நுழைந்து வெளியே போகிறது. பஸ் ஜன்னலிலேயே ராஜகிரி தெரியும். கிட்டத்தட்ட 240 மீட்டர் உயரம், மொத்தமும் பாறை. எல்லாரும் போனை எடுப்பார்கள். ஆறு அங்குலத் திரையில் படம் அட்டகாசமாக இருக்கும். அதையே பன்னிரண்டுக்குப் பதினெட்டு அளவில் அச்சடித்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும்: பாறையின் வெயில் பக்கம் வெளுத்துப் போய்ச் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருக்கும், நிழல் பக்கம் கரி. அதனால்தான் கல்யாண ஆல்பத்துக்குப் படம் எடுக்கிறவர்கள் மலையடியில் உட்கார்ந்து, டேப்லெட்டிலோ லேப்டாப்பிலோ படங்களை ஏற்றி, பெரிதாக்கிப் பார்த்துவிட்டுத்தான் இடத்தைவிட்டு நகர்வார்கள். வெயிலில் திரை தெரியாது. எனவே தலைக்கு மேல் ஒரு துண்டையோ துப்பட்டாவையோ போர்த்திக்கொள்வார்கள்.

அந்தத் துண்டுக்கு நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் வயது.

பழைய பெரிய காமிராவின் பின்பக்கம் ஒரு தேய்த்த கண்ணாடி இருக்கும். லென்ஸ் வழியாக வரும் பிம்பம் அதில் தலைகீழாக, இடவலம் மாறி விழும். வெளிச்சம் பட்டால் பிம்பம் மங்கிவிடும் என்பதால் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். ராஜகிரியை அப்படிப் பார்த்தால் உச்சி கீழே தொங்கும், அடிவாரம் மேலே இருக்கும். அந்தக் காலப் படக்காரர் தான் எடுக்கப்போவதைப் பெரிதாகப் பார்த்தார், ஆனால் எடுப்பதற்கு முன்னால் மட்டும். எடுத்ததை அவரால் உடனே பார்க்க முடியவில்லை. இந்த இடைவெளியைக் குறைக்க நடந்த முயற்சிகள்தான் இந்தக் கட்டுரையின் விஷயம். எடுத்ததற்கும் அச்சடிப்பதற்கும் நடுவில் இருக்கிற அந்தப் ‘பார்வை’க்குத் தமிழில் தனிச்சொல் இல்லை. ஸ்டூடியோக்காரர்கள் ‘ப்ரூஃப் பாக்கறது’ என்பார்கள், இப்போது ‘செலக்ஷன்’ என்கிறார்கள். அவர்கள் சொல்லே போதும்.

தமிழ்நாட்டில் இந்த இடைவெளியோடு மல்லுக்கட்டியவர்களில் முக்கியமானவர் லின்னேயஸ் டிரைப். சென்னை ராணுவத்தில் அதிகாரி. 1856இல் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டார். 1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து கிளம்பி 1858 ஏப்ரலில் சென்னை வந்து சேர்வதற்குள் சேலம் மாவட்டம், ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சுற்றினார். அவர் வெளியிட்ட தொகுதிகளின் தலைப்புகளில் ராயக்கோட்டை இருக்கிறது, செஞ்சி இல்லை. இது எனக்கு எப்போதும் ஒரு சின்ன வருத்தம். வழியில் இல்லாத ஊருக்கு மாட்டு வண்டியைத் திருப்புவது லேசான காரியம் இல்லைதான்.

டிரைப் பெரும்பாலும் பயன்படுத்தியது மெழுகு ஊட்டிய காகித நெகட்டிவ். சுமார் பன்னிரண்டுக்குப் பதினைந்து அங்குலம். இந்தக் காகிதத்தில் ஒரு சௌகரியம், ஒரு தொல்லை. முன்னாலேயே தயார்செய்து வைத்துக்கொள்ளலாம், எடுத்த பிறகும் சாவகாசமாக டெவலப் செய்யலாம். ஆனால் அதே காரணத்தால், பகலில் எடுத்தது விழுந்திருக்கிறதா இல்லையா என்று ராத்திரி கூடாரத்தில்தான் தெரியும். அந்த நேரத்தில் ‘இன்னொண்ணு எடுத்திருக்கலாமே’ன்னு தோன்றினால், மறுபடி அதே கோபுரத்துக்கு, அதே வெயில் நேரத்துக்குக் காத்திருந்து போக வேண்டும்.

ராத்திரி அவர் கையில் இருந்ததும் ஒரு ‘திரை’தான். மெழுகுக் காகிதத்தை விளக்குக்கு முன்னால் பிடித்தால் ஒளி ஊடுருவும், படம் எதிர்மறையாகத் தெரியும். அந்தக் கால ரசாயனம் நீல நிறத்தை அளவுக்கு மீறி உறிஞ்சும் என்பதால் வானம் திட்டுத்திட்டாக வரும். டிரைப் நெகட்டிவின் மேலேயே வண்ணம் பூசி வானத்தைச் சரிசெய்தார், சிலவற்றில் மேகம்கூட வரைந்தார். ‘போட்டோஷாப் வந்துதான் போட்டோ பொய்யாச்சு’ என்று சொல்பவர்கள் 1858 மதுரையின் மேகங்களைக் கொஞ்சம் உற்றுப்பார்க்கலாம்.

தஞ்சைப் பெரிய கோவிலில் அவர் செய்தது இதைவிடப் பெரிய வேலை. விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்து, 21 அச்சுகளை ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக ஆக்கினார். ஒன்றின் விளிம்பு அடுத்ததன் விளிம்போடு பொருந்த வேண்டும். நெகட்டிவ்களை அச்சுக்கு முன்னால் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் அது நடந்திருக்க வாய்ப்பில்லை என்பது என் ஊகம். அந்தப் படம் அழகுக்காக எடுத்ததில்லை, படிப்பதற்காக எடுத்தது. ஓரத்தில் ஒரு எழுத்து மங்கினால் ஒரு ஊர்ப் பெயர் போய்விடும். அச்சுக்கு முன் பார்ப்பது என்பது இந்த இடத்தில் வெறும் தொழில் சுத்தம் இல்லை, வரலாற்று வேலை. அரசுக்கு இதெல்லாம் ஆடம்பரமாகத் தெரிந்தது. ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெல்யன் செலவைக் குறைக்கச் சொன்னார், 1860இல் டிரைப்பின் கடை மூடப்பட்டது.

காகிதத்துக்குப் போட்டியாக வந்தது கண்ணாடி. 1851இல் ஃபிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் வெளியிட்ட கொலோடியன் முறையில், ஈரம் காய்வதற்குள் எடுத்து, ஈரம் காய்வதற்குள் டெவலப் செய்தாக வேண்டும். அதனால் இருட்டுக் கூடாரம், கண்ணாடித் தட்டுகள், மருந்து பாட்டில்கள், தண்ணீர் எல்லாவற்றையும் எடுக்கும் இடத்துக்கே தூக்கிப்போக வேண்டும். ராஜகிரியில் ஏறியவர்களுக்கு அது எப்படிப்பட்ட தண்டனையாக இருந்திருக்கும் என்று தெரியும், வெறுங்கையோடு ஏறும்போதே மூச்சு வாங்குகிற மலை. ஆனால் அந்தச் சுமைக்கு ஒரு பலன் உண்டு. எடுத்த சில நிமிடங்களில் படம் கையில் இருக்கும். இன்னும் ஒரு வேடிக்கை: மெல்லியதாக விழுந்த கொலோடியன் நெகட்டிவைக் கறுப்புத் துணிமேல் வைத்தால் அது நேர்ப்படமாகத் தெரியும். வெள்ளை வெள்ளையாகவே, கறுப்பு கறுப்பாகவே. எடுத்த இடத்திலேயே, அச்சுக்கு முன்னால், பெரிய அளவில், சரியான வெளிச்ச நிழலோடு பார்த்துக்கொள்ள ஒரு வழி 1850களிலேயே இருந்தது. கரண்ட் மட்டும்தான் தேவைப்படவில்லை.

பிறகு வந்த உலர்தட்டும் ஃபிலிமும் இந்தச் சுமையை இறக்கிவைத்தன. கூடவே உடனடிப் பார்வையையும் இறக்கிவைத்தன. இதை முன்னேற்றம் என்று மட்டும் சொல்லிவிட முடியவில்லை. அடுத்த நூறு வருஷம், படம் எடுத்தவருக்கும் தெரியாது, எடுக்கப்பட்டவருக்கும் தெரியாது. டார்க் ரூமுக்குப் போய்வந்த பிறகு முதலில் பார்ப்பவர் ஒருவர்தான்: டச்சிங் செய்கிறவர்.

தமிழ்நாட்டு ஊர்களின் ஸ்டூடியோக்களில் டச்சிங் மேசை என்று ஒன்று இருந்தது. சாய்வான சட்டம், நடுவில் தேய்த்த கண்ணாடி, அடியில் ஜன்னல் வெளிச்சத்தை மேலே திருப்புகிற ஒரு முகக்கண்ணாடி. நெகட்டிவை அதில் வைத்து, கூராகச் சீவிய பென்சிலால் வேலை செய்வார்கள். அம்மைத் தழும்பு, கண்ணுக்குக் கீழே கருவளையம், சுருக்கம் எல்லாம் மறையும். நெகட்டிவில் கறுப்பாக்கினால்தான் அச்சில் வெளுப்பாகும். பெண் பார்க்கும் படலத்துக்குப் போகிற படத்தில் ஒரு பெண்ணின் முகத்தைச் சிவப்பாக்க (நம் ஊர் அர்த்தத்தில் ‘சிவப்பு’), அந்தப் பெண்ணின் முகத்தின் மேல் கறுப்புப் பென்சிலைத் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். தன் முகம் எப்படி மாற்றப்படுகிறது என்று அவளுக்குத் தெரியாது. படம் அச்சாகி, அட்டையில் ஒட்டி, மாப்பிள்ளை வீட்டுக்குப் போயிருக்கும். அச்சுக்கு முந்தைய பார்வை யாரிடம் இருக்கிறதோ, அவரிடம்தான் முகம் இருந்தது.

மேற்கத்திய ஸ்டூடியோக்களில் வாடிக்கையாளருக்கு ப்ரூஃப் காட்டும் வழக்கம் வந்தபோது அதிலும் ஒரு கெட்டிக்காரத்தனம் இருந்தது. வெயிலில் அச்சாகும் காகிதத்தில், நிலைநிறுத்தும் மருந்து போடாமலேயே ப்ரூஃப் கொடுப்பார்கள். பார்க்கப் பார்க்க அது கறுத்துப் போகும். ‘பாத்துக்கோ, வெச்சுக்காதே’ என்பதுதான் அதன் பொருள். இன்று மாதிரிப் படத்தின் குறுக்கே ஸ்டூடியோ பெயரை அடித்து அனுப்புகிறார்களே, அதற்குத் தாத்தா இது.

நம் பக்கம் 120 ஃபிலிம் பரவியபின் ஒரு ரோலுக்கு 12 படம் என்று கணக்கு வந்தது. 1960இல் ஊட்டியில் ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தொடங்கப்பட்டு, ‘இந்து’ என்ற பெயரில் ஃபிலிமும் காகிதமும் உள்நாட்டிலேயே வர ஆரம்பித்தன. ஆனாலும் ஒவ்வொரு படமும் காசு. ரோலை அப்படியே காகிதத்தின்மேல் பரப்பி எடுக்கும் கான்டாக்ட் ஷீட்டில் பன்னிரண்டும் இரண்டேகால் அங்குலச் சதுரங்களாக வரும். லென்ஸ் வைத்துப் பார்த்து, சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டு, வட்டம் விழுந்ததை மட்டும் பெரிதாக்குவார்கள். வட்டம் விழாத படங்கள் அந்த ஷீட்டிலேயே, அந்த நெகட்டிவிலேயே இருந்துகொண்டிருக்கும். கண் மூடியது, யாரோ குறுக்கே வந்தது, குழந்தை அழுதது எல்லாம். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

டிஜிட்டல் கதையை வேகமாகவே சொல்லிவிடலாம். 1995இல் விற்பனைக்கு வந்த கேசியோ க்யூவி-10 காமிராவின் முதுகில் 1.8 அங்குல எல்சிடி இருந்தது. எடுத்ததும் பார்க்கலாம். ஆனால் தபால்தலை அளவுத் திரையில் ஃபோகஸ் தப்பியிருப்பது தெரியாது, எல்லாமே கூர்மையாகத்தான் தெரியும். அந்தக் குறையை நம்பிப் பிழைத்தவை கையடக்க போட்டோ வியூவர்கள். எப்சன் பி-2000, 2004: உள்ளே 40 ஜிபி ஹார்டு டிஸ்க், 3.8 அங்குலத் திரை. கார்டைச் செருகினால் படங்களை நகலெடுத்துக்கொள்ளும், பெரிதாக்கியும் காட்டும். 2010இல் ஐபேட் 9.7 அங்குலத்தோடு வந்தது, காமிராவை இணைக்கும் துணைக்கருவியைத் தனியாக விற்றார்கள். வியூவர்களின் கதை கிட்டத்தட்ட அத்தோடு முடிந்தது.

பெரிய திரை வந்ததால் அச்சு சரியாக வந்துவிடும் என்று நினைத்தால் அது வேறொரு ஏமாற்றம். திரை தானே ஒளிர்வது, காகிதம் அடுத்தவர் வெளிச்சத்தில் தெரிவது. செஞ்சி வெயிலில் திரையின் பிரகாசத்தை முழுசாக ஏற்றி வைத்துக்கொண்டு ‘வெளிச்சம் போதும்’ என்று முடிவுசெய்தால், கல்யாண மண்டபத்து டியூப்லைட்டில் ஆல்பம் திறக்கும்போது முகமெல்லாம் இருட்டாக இருக்கும். அனுபவசாலிகள் படத்தைவிட ஹிஸ்டோகிராமைத்தான் நம்புவார்கள். வலது ஓரத்தில் முட்டிக்கொண்டு நின்றால் பாறை வெளுத்துவிட்டது என்று அர்த்தம். அந்த வரைபடத்துக்கு வெயில் ஒரு பொருட்டில்லை.

உண்மையில் மாறியது வேறு. டச்சிங் மேசைக்கு முன்னால் ஒரே ஆள் உட்கார்ந்திருந்தார், டேப்லெட்டைச் சுற்றி ஒரு குடும்பமே நிற்கிறது. ‘இதுல கன்னம் உப்பலா இருக்கு’, ‘பின்னாடி அந்த சுவர் இடிஞ்சு கெடக்கு, வேற எடுங்க’, ‘அண்ணா, இது வேணாம், டெலிட் பண்ணிடுங்க.’ தன் முகம் அச்சுக்குப் போவதற்கு முன் அந்தப் பெண்ணே பார்க்கிறாள், வேண்டாம் என்று சொல்கிறாள். இது சாதாரண மாற்றம் இல்லை. பென்சில்காரரின் கையில் இருந்த முகம் அவளிடம் திரும்பி வந்திருக்கிறது. (திரும்பி வந்த கையோடு அவளே ஃபில்டர் போட்டு வெளுப்பாக்கிக்கொள்கிறாள் என்பது இன்னொரு கட்டுரை.)

ஆனால் கான்டாக்ட் ஷீட்டில் டெலிட் பட்டன் கிடையாது.

புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் இருந்தபடி, 2010களில் ஸோயே ஹெட்லியும் அவரோடு இருந்தவர்களும், பிரிட்டிஷ் நூலகத்தின் அழிநிலை ஆவணத் திட்ட உதவியோடு, பழைய தமிழ் ஸ்டூடியோப் படங்களைத் தேடி டிஜிட்டல் செய்யத் தொடங்கினார்கள். அந்தமாதிரி வேலையில் ஆய்வாளருக்குக் கிடைக்கும் பொக்கிஷம் பெரும்பாலும் வட்டம் விழாத படங்களில் இருக்கிறது. திரைச்சீலையின் ஓரம், நாற்காலிக்குப் பின்னால் நிற்கும் வேலைக்காரச் சிறுமி, செருப்பைக் கழற்றி வைத்த இடம்.

செஞ்சிக்கும் இது பொருந்தும். இங்கே ஒவ்வொருவரும் எதையாவது கட்டினார்கள், அடுத்து வந்தவர் எதையாவது எடுத்துப்போனார். நாயக்கர்கள், பிஜப்பூர்க்காரர்கள், 1677இல் சிவாஜி, 1698இல் முகலாயர், 1714இல் செத்துப்போன தேசிங்கு, 1750இல் பிரெஞ்சுக்காரர்கள், 1761இல் ஆங்கிலேயர். புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கிற கருங்கல் தூண்கள் செஞ்சியிலிருந்து போனவை. அவை இங்கே எப்படி நின்றன என்று காட்ட ஒரு படம் இல்லை, அப்போது காமிராவே இல்லை. ழான் தெலோஷ் 2005இல் வெளியிட்ட செஞ்சிக் கோட்டை நூலுக்காக மதில் மதிலாக நடந்து அளந்தார். எந்தச் சுவர் யார் காலத்தது என்பதை, கல் வைத்த விதத்தைப் பார்த்துப் பிரிக்க வேண்டியிருந்தது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ 12 கோட்டைகளை ‘மராத்திய ராணுவ நிலப்பரப்புகள்’ என்று உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. மகாராஷ்டிராவுக்கு வெளியே இருப்பது செஞ்சி மட்டும். பெயரைப் பார்த்து இங்கே பலருக்கு முகம் சுளித்தது, நியாயம்தான். எப்படியோ, இனி பழுதுபார்ப்பும் வேலியும் பாதையும் வரும். எது எப்போது மாறியது என்று நாளைக்கு யாராவது கேட்பார்கள்.

அந்தக் கேள்விக்கான பதில்கள், கல்யாண மகாலுக்கு எதிரே துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிற இடத்தில்தான் அழிந்துகொண்டிருக்கின்றன. இடிந்த சுவர் பின்னால் தெரிகிறது என்பதற்காக நீக்கப்படுகிற படம், அந்தச் சுவருக்கு இருக்கிற ஒரே தேதியிட்ட சாட்சியாக இருக்கலாம். சில படக்காரர்கள் காமிராவில் இரண்டு கார்டு போட்டு, ஒரே படம் இரண்டிலும் விழும்படி வைத்துக்கொள்கிறார்கள். ஒன்றிலிருந்து குடும்பத்துக்குக் காட்டுவார்கள், ‘டெலிட் பண்ணியாச்சு’ என்பார்கள். மற்றது பையிலேயே இருக்கும், அடுத்த கல்யாணத்துக்கு ஃபார்மேட் ஆகும்வரை.