கைப்பேசிக்குள் ஒரு துணை: பால்புதுமையினருக்கும் கலைஞர்களுக்கும் இணையக் குழுக்கள்

பீடோங் போன்ற ஊரில் ஒருவரை ஒருவர் தெரியாமல் இருப்பது கடினம். தோட்டத்து லயத்திலோ தாமானிலோ காலையில் நடந்தது மாலைக்குள் எல்லா வீட்டுக்கும் போய்விடும். சாவு வீட்டிலும் கல்யாண வீட்டிலும் கூப்பிடாமலே ஆள் வந்து நிற்பதும் இதனால்தான். ஆனால், தன் பாலினம் குறித்தோ தன் ஈர்ப்பு குறித்தோ மனத்துக்குள் கேள்வி வைத்திருக்கும் பிள்ளையின் வாயை இதே நெருக்கம் கட்டிப்போடுகிறது. பரதம் ஆட விரும்பும் பையனுக்கு ‘பொம்பளை மாதிரி’ என்ற ஒரு கேலி போதும். சலங்கை பெட்டிக்குள் போய்விடும்.

இப்படிப்பட்டவர்கள் இணையத்தில் துணை தேடுகிறார்கள். தன்பாலீர்ப்பு கொண்டோர், திருநங்கைகள், திருநம்பிகள் எனப் பலரையும் சேர்த்துக் குறிக்கும் சொல் ‘பால்புதுமையினர்’. அவர்களுக்கான குழு எப்படி இருந்தால் துணையாகும், எப்படி இருந்தால் ஆபத்தாகும் என்பதற்குத் தமிழிலேயே முன்மாதிரிகள் உண்டு.

அவற்றில் மூத்தது சென்னையின் ‘ஓரினம்’. 2003-இல் வேறு பெயரில் நண்பர்கள் சிலரின் சிறு வட்டமாகத் தொடங்கியது. நிதியுதவி பெறாமல் தன்னார்வலர்களின் உழைப்பிலேயே நடந்து வந்திருக்கிறது. அதன் இணையத்தளம் தமிழ், ஆங்கிலம் ஆகிய இரு மொழிகளில் இயங்குகிறது. சட்டத் தகவல்களோடு கவிதையும் கதையும் அனுபவக் கட்டுரையும் அங்கே இடம்பெறுகின்றன. பிள்ளையைப் புரிந்துகொள்ள முயலும் குடும்பத்தாரின் குரலுக்கும் அங்கே இடமுண்டு. இதுவே அக்குழுவின் பெரிய பலம் எனலாம். மகனோ மகளோ உண்மையைச் சொன்ன இரவில் தூங்காமல் கிடக்கும் தாய்க்கு, இன்னொரு தாய் தமிழில் எழுதியது எந்த மருத்துவ விளக்கத்தையும் விட உதவும்.

எழுத்தே ஒருவரைத் தனிமையிலிருந்து வெளியே கொண்டுவந்ததற்கும் சான்று உண்டு. லிவிங் ஸ்மைல் வித்யா தமிழில் வலைப்பதிவு எழுதியவர், நாடகக் கலைஞர். ‘நான், சரவணன் வித்யா’ என்ற அவரது தன்வரலாறு 2007-இல் வெளிவந்தது. அதைத் தழுவிய கன்னடப் படத்தில் நடித்த சஞ்சாரி விஜய்க்குச் சிறந்த நடிகருக்கான தேசிய விருது கிடைத்தது. பின்னர் சென்னையில் ‘குயர் சென்னை க்ரானிக்கிள்ஸ்’ என்ற அமைப்பு பால்புதுமையினரின் நூல்களை வெளியிடத் தொடங்கி, 2018-இல் அவர்களுக்கென ஓர் இலக்கிய விழாவையும் நடத்தியது.

சொற்களுக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. தன்னைக் குறிக்கத் தாய்மொழியில் வசைச் சொல் மட்டுமே இருந்தால் எந்தப் பிள்ளையும் வாய் திறக்காது. மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து பாதுகாப்புக் கேட்ட இரு பெண்களின் வழக்கில், 2021 ஜூன் 7-ஆம் நாள் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் முக்கியமான உத்தரவைப் பிறப்பித்தார். இந்த விஷயம் தமக்குச் சரியாகப் புரியவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியல் நிபுணரிடம் அமர்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே அவர் அதை எழுதினார். நீதிபதிகளில் இப்படிச் சொல்பவர் அரிது. அந்த வழக்கின் தொடர்ச்சியாக, மரியாதையான தமிழ்ச் சொற்களின் பட்டியலைத் தமிழ்நாடு அரசு 2022 ஆகஸ்டில் அரசிதழில் வெளியிட்டது.

மலேசியாவில் நிலைமை வேறு. இங்கே தண்டனைச் சட்டத்தின் 377ஏ, 377பி பிரிவுகள் இன்றும் நடப்பில் உள்ளன. 20 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் விதிக்க அவை இடமளிக்கின்றன. எனவே சென்னையில் முகம் காட்டி நடத்தும் குழுவை அப்படியே கெடாவில் நடத்த முடியாது. இங்கே குழுவின் முதல் வேலை உறுப்பினரின் அடையாளத்தைக் காப்பது.

பலரும் தவறுவது இந்த இடத்தில்தான். புலனத்தில் குழு தொடங்கினால் உறுப்பினர்களின் கைப்பேசி எண் மற்றவர்களுக்குத் தெரிந்துவிடும். சிறிய ஊரில் எண் தெரிந்தால் ஆளும் தெரிந்த மாதிரி. டெலிகிராமில் எண்ணை மறைத்துப் புனைபெயரில் இருக்கலாம். டிஸ்கார்ட் தொடக்கத்திலிருந்தே புனைபெயரில் இயங்குவது. ஆனாலும் திரையை இன்னொரு கைப்பேசியால் படம் எடுப்பதை எந்தச் செயலியும் தடுக்காது. அதனால் புதியவரை ஏற்கெனவே இருப்பவர் ஒருவர் அறிமுகப்படுத்துவது, முகமும் பள்ளிச் சீருடையும் வீட்டு வாசலும் தெரியும் படங்களைப் போடாதிருப்பது போன்ற பழக்கங்களே உண்மையான பூட்டு. நிர்வாகி ஒருவராக இல்லாமல் இருவர் மூவராக இருப்பது நல்லது. ஒருவர் களைத்துப் போவார், அல்லது அவரே சட்டாம்பிள்ளை ஆகிவிடுவார். 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களைப் பெரியவர்களின் அரட்டையில் சேர்க்கக் கூடாது. தனிச்செய்தியில் படம் கேட்பவரை அன்றே நீக்கிவிட வேண்டும்.

படைப்பைப் பகிரும் குழுவுக்கு இன்னொரு கட்டுப்பாடும் வேண்டும். கவிதையைப் பற்றிப் பேசலாம். எழுதியவரின் உடல், குரல், சாதி, நடை பற்றிப் பேசக் கூடாது.

கேலி எங்கே கொண்டுபோய் விடும் என்பதை மலேசியத் தமிழர்கள் மறக்கவில்லை. டிக்டாக்கில் பலர் அறிந்த ஈஷா என்ற ராஜேஸ்வரி, இணையப் பகடிவதைக்கு ஆளாகி 2024 ஜூலையில் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்த விவகாரத்தில் ஒரு பெண்ணுக்கு 100 வெள்ளி அபராதம் மட்டுமே விதிக்கப்பட்டபோது எழுந்த கோபம் சட்டத்தையே மாற்ற வைத்தது. பகடிவதையைக் குற்றமாக்கும் தண்டனைச் சட்டத் திருத்தம் 2025 ஜூலை 11-ஆம் நாள் நடப்புக்கு வந்தது. ஒருவரின் அடையாள விவரங்களைப் பரப்பித் துன்புறுத்துவதும் அதில் அடங்கும். மிரட்டல் வந்தால் அழித்துவிடாமல், தேதி தெரியும்படி படம் எடுத்து வைத்துக்கொண்டு காவல்துறையில் புகார் செய்யலாம். ஆனால், புகார் கொடுக்கப் போனால் வீட்டுக்குத் தெரிந்துவிடுமே என்று தயங்குபவர்களும் உண்டு. அவர்களுடன் நிலையம் வரை செல்ல நம்பிக்கையான பெரியவர் ஒருவரைக் குழு முன்கூட்டியே அறிந்து வைத்திருப்பது பயன் தரும்.

நம் நாட்டிலும் இந்தத் துணைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. கோலாலம்பூரின் பிடி அறவாரியம் 1987-இல் தொலைபேசி ஆலோசனைச் சேவையாகத் தொடங்கியது. இணையத்துக்கு முன், முகம் தெரியாத குரல்தான் துணை. திருநங்கைகளுக்கு உதவும் சீட் அறவாரியத்தை 2014-இல் தொடங்கியவர்களில் நிஷா அயூப் ஒருவர். 2016-இல் அமெரிக்காவின் அனைத்துலக வீரப் பெண்மணி விருது பெற்றார்.

குழுவில் யாராவது நள்ளிரவில் சாவைப் பற்றி எழுதினால், நிர்வாகி தனியாகச் சமாளிக்க முயலக் கூடாது. பிஃப்ரெண்டர்ஸ் 24 மணி நேரச் சேவையின் எண் 03-76272929. தாலியான் காசே 15999. இவ்விரு எண்களையும் குழுவின் முகப்பிலேயே பொருத்தி வைத்துவிடலாம்.