உதகையில் எழுதிய ஜாதகம்

பிறந்த மண்ணை விட்டுப் பிற மாநிலங்களில் வாழும் நம்மவரிடம் ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பொருளைப் பற்றிப் பேச்செழுந்தாலும், அதற்கும் நம் ஊருக்கும் ஏதேனும் உறவு உண்டா என்று தேடுவோம். உறவு கிடைத்துவிட்டால் அதனைச் சற்றுப் பெரிதாக்கியும் சொல்லிவிடுவோம். இப்பிழையை நானும் செய்தேன். ஹைதராபாத்தில் தார்நாகாப் பகுதியிலுள்ள எங்கள் குடியிருப்பின் பொங்கல் விழாவில், ஸ்நூக்கர் என்னும் ஆட்டம் நம் உதகமண்டலத்தில் பிறந்தது என்று தமிழிலும் இந்தியிலும் முழங்கினேன். மொழிபெயர்ப்பாளனாகப் பணியாற்றுபவன் இருமொழியிலும் ஒரே பிழையைச் செய்வது எளிது. கைதட்டல் ஓய்ந்தபின், ஜபல்பூரைச் சேர்ந்த முதியவர் ஒருவர் என் அருகில் வந்து, "பாயி சாஹப், குழந்தை பிறந்தது எங்கள் ஊரில், ஜாதகம் எழுதியது மட்டுமே உங்கள் ஊரில்" என்றார்.

அவர் சொன்னதே சரி. அந்த ஜாதகத்தை முறைப்படி படித்துக் காட்டும் கடமை எனக்கு உண்டு. மேலும், எங்கள் பகுதி இளைஞர்கள் மாலை வேளைகளில் 'பூல்' மேஜையைச் சூழ்ந்து நிற்பதைக் காண்கின்றேன். அருகிலேயே கிடக்கும் பெரிய ஸ்நூக்கர் மேஜையை அவர்கள் அயலார் வீட்டைப் பார்ப்பது போலப் பார்க்கின்றனர். உண்மையில் அது அவர்கள் ஆட்டத்தின் வயிற்றில் பிறந்ததே.

'பூல்' என்ற சொல்லுக்கு இங்கே குளம் என்பது பொருளன்று; ஆடுவோர் அனைவரும் சேர்ந்து போடும் பந்தயப் பணத்தையே அது குறித்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேய இராணுவ அதிகாரிகளின் உணவுக்கூடங்களில் பில்லியர்ட்ஸ் மேஜை இருக்கும். பில்லியர்ட்ஸ் இருவர் ஆட்டம். பலர் கூடிப் பணம் வைத்து ஆட அது ஏற்றதன்று. ஆதலால் அதே மேஜையில் வேறு சில ஆட்டங்கள் வழங்கின. பதினைந்து சிவப்புப் பந்துகளை முக்கோணமாக அடுக்கி ஆடுவது 'பிரமிட்ஸ்'. ஒவ்வொருவருக்கும் ஒரு நிறப் பந்தைக் கொடுத்து, அது பையில் வீழ்ந்தால் ஓர் 'உயிர்' போயிற்று என்று கணக்கிடுவது 'லைப் பூல்'. அதனோடு ஒரு கறுப்புப் பந்தையும் சேர்த்துக்கொண்டது 'பிளாக் பூல்'.

1875-ஆம் ஆண்டு மழைக்காலத்தில், ஜபல்பூரில் டெவன்ஷையர் ரெஜிமெண்டின் அதிகாரிகள் வெளியே செல்ல வழியின்றி இந்த ஆட்டங்களிலேயே பொழுதைக் கழித்தனர். அவர்களுள் நெவில் சேம்பர்லின் என்னும் இளம் அதிகாரி ஒருவர் இருந்தார். (பிற்காலத்துப் பிரிட்டிஷ் பிரதமர் இவரல்லர், பெயர் மட்டுமே ஒன்று.) பிரமிட்ஸின் பதினைந்து சிவப்புப் பந்துகளோடும் கறுப்போடும் வேறு நிறப் பந்துகளையும் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பு வைத்தால் என்ன என்று அவர் ஒரு யோசனை சொன்னார். மஞ்சளும் பச்சையும் இளஞ்சிவப்பும் முதலில் வந்தன. நீலமும் பழுப்பும் பின்னர்ச் சேர்ந்தன.

பெயர் வந்த கதை சுவையானது. இங்கிலாந்தில் ஊல்விச் இராணுவக் கல்லூரியில் முதலாண்டு மாணவனை ஏளனமாக 'ஸ்நூக்கர்' என்று அழைப்பார்களாம். ஜபல்பூருக்கு வந்த ஓர் அதிகாரி அச்சொல்லைச் சொல்லி வைத்தார். ஒரு நாள் எளிய பந்தொன்றைத் தவறவிட்ட நண்பரைச் சேம்பர்லின் அப்பெயரால் அழைத்தார். நண்பர் முகம் வாடவே, இந்த ஆட்டத்தில் நாம் எல்லோருமே ஸ்நூக்கர்கள்தாம் என்று சொல்லிச் சமாதானம் செய்தார். கற்றுக்குட்டி என்னும் வசைச்சொல் அவ்வாறே ஆட்டத்தின் பெயராக நிலைத்தது. அலுவலகத்தில் எத்தனையோ கலைச்சொற்களைத் தமிழாக்கியிருக்கின்றேன். இந்தச் சொல்லை மட்டும் தமிழாக்க மனம் வரவில்லை. 'கற்றுக்குட்டி ஆட்டம்' என்றால் எவர் ஆட வருவார்?

இனி நம் ஊர். சேம்பர்லின் ஆப்கானியப் போருக்குச் சென்று காயமுற்றுத் திரும்பியபின், சென்னை இராணுவத்தின் தளபதியான ராபர்ட்ஸின் பணியில் அமர்ந்தார். ராபர்ட்ஸ் 1881 முதல் 1885 வரை அப்பதவி வகித்தார். கோடையில் சென்னை அரசாங்கமே நீலகிரிக்கு ஏறிவிடும் காலம் அது. தளபதியோடு உதவியாளரும் உதகைக்குச் சென்றார். அவரோடு ஆட்டமும் சென்றது. உதகமண்டலம் கிளப்பில் அது பெரும் விருப்புக்குரியதாயிற்று. ஊருக்கு ஊர் வேறுபட்டிருந்த முறைகளை ஒழுங்கு செய்து விதிகளாக எழுதி, அந்தக் கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில் எல்லோரும் காணத் தொங்கவிட்டனர். வாய்மொழியாக வழங்கிய ஆட்டம் எழுத்துப் பெற்றது அங்கேதான்.

அந்தக் கட்டடத்தைப் பற்றி ஒரு செய்தியை, ஹைதராபாத்வாசி என்ற முறையில் சொல்லாமல் விட இயலவில்லை. 1830-களின் தொடக்கத்தில் அதனைக் கட்டியவர் சர் வில்லியம் ரம்போல்ட். இவர் ஹைதராபாத்தில் லேவாதேவி நடத்திய பாமர் கம்பெனியின் பங்குதாரர். நிஜாம் சிக்கந்தர் ஜாவின் அரசாங்கத்துக்குக் கடும் வட்டிக்குக் கடன் கொடுத்துப் பெரும் பழிக்கு ஆளான கம்பெனி அது. ரெஸிடென்டாக வந்த மெட்காப் அதன் கணக்குகளைக் கிளறினார். 1820-களிலேயே அது நொடித்தது. ரம்போல்ட் 1833-இல் காலமானார். அவர் எழுப்பிய மாளிகையே பின்னர்க் கிளப் ஆயிற்று. நாம் குடியேறி வாழும் நகருக்கும் நாம் விட்டு வந்த மலைக்கும் இப்படியும் ஓர் உறவு. பெருமை கொள்ளத்தக்கது என்று சொல்லமாட்டேன். பெருமைக்கு வேறோர் உறவு இருக்கின்றது: நீலகிரிக் குன்னூரில் வளர்ந்த ஊட்டச்சத்து ஆராய்ச்சிக்கூடம் 1958-இல் ஹைதராபாத்துக்குப் பெயர்ந்து, இன்று எங்கள் தார்நாகாவிலேயே தேசிய நிலையமாக விளங்குகின்றது.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். பெரிய மேஜை பன்னிரண்டடி நீளம், ஆறடி அகலம். பச்சைத் துணியின் கீழே கற்பலகைகள். எடை ஒரு டன்னுக்கு மேல். குன்னூருக்கு மலை இரயில் வந்தது 1899-இல், உதகைக்கு வந்தது 1908-இல். அதற்கு முன் அம்மேஜைகள் மலைப்பாதை வழியேதான் ஏறியிருக்க வேண்டும். சேம்பர்லினின் பெயரைச் சரித்திரம் வைத்திருக்கின்றது. கல்லை ஏற்றியவர், சாக்குக்கட்டி எடுத்துக் கொடுத்தவர், புள்ளி குறித்து நின்றவர் ஆகியோரின் பெயர்கள் எந்த அறையிலும் தொங்கவில்லை.

ஆட்டம் இங்கிலாந்துக்குச் சென்றது ஜான் ராபர்ட்ஸ் என்னும் புகழ்பெற்ற பில்லியர்ட்ஸ் வீரர் வழியாக என்பர். 1885-இல் அவர் கல்கத்தாவில் சேம்பர்லினைச் சந்தித்து விதிகளைக் கேட்டறிந்தாராம். பிற்காலத்தில் ஆட்டம் ஊல்விச்சில் பிறந்ததென்று சிலர் உரிமை பாராட்டினர். முதுமையடைந்திருந்த சேம்பர்லின் 1938-இல் பத்திரிகைக்குக் கடிதம் எழுதி அதனை மறுத்தார். ஜபல்பூர்ப் பெரியவரின் கட்சிக்கு அதுவே ஆதாரம்.

பூல் ஆடும் இளைஞர்க்கு இரண்டொரு சொல். நீங்கள் பழகிய மேஜை ஒன்பதடி; இது பன்னிரண்டடி. பந்து சிறிது, பையின் வாய் வளைந்து குறுகியது. பூல் மேஜையில் ஓரத்தில் மோதியும் உள்ளே விழும் பந்து, இங்கே பையின் வாயில் துள்ளி நின்றுவிடும். ஆதலின் வேகத்தைக் குறையுங்கள். 'எட்டுப் பந்து' ஆட்டத்தில் உங்கள் இனப் பந்துகளை ஒன்றன்பின் ஒன்றாக வீழ்த்துகின்றீர்கள். இங்கே அது கூடாது. ஒரு சிவப்பு, பிறகு ஒரு நிறம், மீண்டும் சிவப்பு என்று மாறி மாறி வர வேண்டும். சிவப்புக்கு ஒரு புள்ளி. மஞ்சள் 2, பச்சை 3, பழுப்பு 4, நீலம் 5, இளஞ்சிவப்பு 6, கறுப்பு 7. சிவப்பு மீண்டும் மேலே வருவதில்லை; நிறப் பந்தோ, சிவப்புகள் தீரும்வரை தன் இடத்துக்குத் திரும்பிவரும். சிவப்புகள் தீர்ந்தபின் நிறங்களை மதிப்பின் வரிசையில் வீழ்த்த வேண்டும். ஒவ்வொரு சிவப்போடும் கறுப்பையே எடுத்தால் 120, இறுதி வரிசைக்கு 27, ஆக 147. தவறு செய்தால் எதிரிக்குக் குறைந்தது நான்கு புள்ளி. அடிக்க வேண்டிய பந்தை எதிரி நேராகத் தொட முடியாதபடி வெள்ளைப் பந்தை மறைவில் நிறுத்துவதற்கும் ஸ்நூக்கர் என்றே பெயர். பூலில் தற்காப்பு ஓர் அவசரக் கை; இங்கே அது ஆட்டத்தின் பாதி.

கிளப்புகளின் மூடிய அறைகளில் வளர்ந்த இந்த மேஜை ஆட்டங்களில் நம் நாட்டவர் பிற்பாடு சிறந்து நின்றனர். பூனாவில் பிறந்த வில்ஸன் ஜோன்ஸ் 1958-இல் கல்கத்தாவில் அமெச்சூர் பில்லியர்ட்ஸ் உலகப் பட்டம் பெற்றார். ஓம் அகர்வால் 1984-இல் டப்ளினிலும், பங்கஜ் அத்வானி 2003-இல் சீனாவிலும் ஸ்நூக்கரில் அமெச்சூர் உலகப் பட்டம் வென்றனர்.

சென்ற மாதம் ஒரு மாலை, எதிர்வீட்டுத் தம்பி பெரிய மேஜையில் முதன்முறையாகக் கோல் பிடித்தான். ஒரு சிவப்பை அழகாக வீழ்த்தினான். பழைய பழக்கத்தில் உடனே இன்னொரு சிவப்பையும் வீழ்த்திவிட்டு நிமிர்ந்து பார்த்தான். ஜபல்பூர்ப் பெரியவர் பலகையில் எதிரிக்கு ஏழு புள்ளி எழுதிவிட்டு, என் பக்கம் திரும்பிக் கண் சிமிட்டினார். "தாத்தா, ஏன்?" என்று அவன் கேட்டான். "உங்கள் ஊர்க்காரரையே கேள், விதி எழுதியது அங்கேதான்" என்றார் அவர்.